உள்ளுறையும் ஒரு துலாவும்

சென்ற தவணை முடியுந் தறுவாயில் உயர்தர வகுப்பு மாணாக்கர் ஐவர் என் மேசையைச் சூழ்ந்து நின்றனர். தாமே வரைந்து, மூன்று நிமிடம் ஓடக்கூடிய அசைவுச் சித்திரப்படம் ஒன்றை ஆக்கப்போவதாகவும், அதற்குத் திட்டம் வகுக்க நான் துணைநிற்க வேண்டும் என்றும் கேட்டனர். நான் தமிழ் கற்பிப்பவன், தூரிகை பிடித்தறியேன். "படத்திலே பேச்சு இல்லை, சேர். எல்லாவற்றையும் உருவகத்தால் உணர்த்த வேண்டும். அதனாலேதான் உங்களிடம் வந்தோம்" என்றான் ஒருவன். ஆசிரியனை வசப்படுத்தும் வழியைப் பிள்ளைகள் நன்கறிவர்.

பொருள் என்னவென்று வினவினேன். பிரிவு என்றனர். தந்தை தூரதேசம் சென்றுவிட்ட ஒரு வீடு. நான் அதிகம் யோசியாமலே அடுக்கினேன்: உருகும் மெழுகுதிரி, வாடிய மலர், இரண்டாகப் பிளந்த இதயம். அவர்கள் மரியாதையோடு எழுதிக்கொண்டனர். ஒருவன் முகத்திலேனும் மலர்ச்சி இல்லை.

போகும்போது, "தந்தையும் மகளும்" என்னும் படத்தைப் பார்க்கும்படி சொல்லிச் சென்றனர். ஒல்லாந்து நாட்டவரான மைக்கேல் டுடொக் டி விட் 2000 ஆம் ஆண்டில் ஆக்கியது. அடுத்த ஆண்டில் ஒஸ்கார் பரிசு பெற்றது. எட்டரை நிமிடந்தான். அன்றிரவு அதனை மும்முறை பார்த்தேன்.

ஒரு தந்தையும் சிறு மகளும் துவிச்சக்கர வண்டிகளில் அணைக்கட்டின்மேல் வருகின்றனர். தந்தை விடைபெற்றுப் படகிலேறி மறைகிறார். ஏன் போனார், எங்கே போனார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. மகள் மீண்டும் மீண்டும் அவ்விடத்துக்கு வருகிறாள்; சிறுமியாய், தோழியரோடு, காதலனோடு, கணவனோடும் குழந்தைகளோடும், ஈற்றிலே கிழவியாய். காற்று எதிர்த்து வீசுகிறது; பருவங்கள் மாறுகின்றன; சக்கரம் சுழல்கிறது. முதுமையில் அவள் வண்டியை நிறுத்த முயல்கிறாள், அது சரிகிறது. எடுத்து நிறுத்துகிறாள், மறுபடியும் சரிகிறது. அப்படியே விட்டுவிட்டு, நீர் வற்றிப் புல் முளைத்த அந்தப் பரப்பில் இறங்கி நடக்கிறாள். வண்டி விழுந்த அவ்விடத்திலே எனக்குத் தொண்டை அடைத்தது. கிழிந்த நாட்காட்டியோ பிளந்த இதயமோ அப்படத்தில் எங்கும் இல்லை.

மெழுகுதிரியையும் இதயத்தையும் சொன்ன என் பிழை அப்போதுதான் விளங்கிற்று. இருபது ஆண்டாய் வகுப்பிலே கற்பிக்கும் பாடத்தையே மறந்திருந்தேன். உவமையில் பொருளும் வரும், உவமமும் வரும், இடையிலே "போல" வந்து நிற்கும். உருவகத்தில் "போல" போய்விடும். பொருளும் உவமமும் ஒன்றாகிவிடும். தொல்காப்பியர் அகத்திணையியலிலே கூறும் உள்ளுறை வேறு வகையது. அங்கே உவமம் மாத்திரமே வெளியே நிற்கும். சொல்லக் கருதிய பொருள் கேட்பவர் உள்ளத்திலே முளைக்கும். வண்டு பூவுக்குப் பூ தாவுவதைத் தோழி சொல்வாள். தலைவனைப் பற்றி வாய் திறவாள். அவ்வுள்ளுறையும் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களிலிருந்தே பிறக்க வேண்டும். அந்நிலத்து மரம், புள், விலங்கு, தொழில் இவையே அதற்கு நிலம். ஒல்லாந்தின் கருப்பொருள் அணைக்கட்டு, எதிர்காற்று, துவிச்சக்கர வண்டி. அக்கலைஞர் தொல்காப்பியம் படித்தாரென்று நான் சொல்ல வரவில்லை. நம்மவரிற் சிலர் அப்படியும் எழுதக்கூடும்!

மறுநாள் என் பட்டியலைக் கிழித்துவிட்டு, "உங்கள் வளவிலே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். நெடுநேரம் மௌனம். ஐவருள் அதிகம் பேசாத ஒருவன், "எங்கள் தோட்டக் கிணற்றில் ஒரு துலா இருக்கிறது, சேர்" என்றான்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிது கூறுகிறேன். ஆடுகாலின் மேற் பொருத்திய நெடுமரமே துலா. தோட்டத்துக்கு இறைப்பதாயின் ஒருவர் அம்மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி, நிரப்பி, வாய்க்காலுக்குக் கவிழ்ப்பார். இருவர் தாளமும் ஒத்தாலன்றி வேலை நடவாது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலாக்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் அருகியபோது அவனுடைய தந்தை இளைஞராய் அத்துலாவை மிதித்தாராம், அப்பப்பா இறைத்தாராம். அப்பப்பா இன்று இல்லை. தந்தை கடல் கடந்து போய்ப் பதினொரு ஆண்டு. துலாவை விறகுக்குத் தறிக்க அம்மா விடுவதில்லை என்றான். மற்ற நால்வரும் தங்கள் கொப்பிகளை மூடிவிட்டனர்.

அதன்பின் திட்டம் விரைந்து வளர்ந்தது. சலனப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். மூன்று நிமிடத்துக்கு 4320. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 2160 சித்திரங்கள், ஆளுக்கு 432. நடிகர் நடிக்கும் படத்தில் மிகையாக எடுத்துப் பின்னர் வெட்டலாம். இங்கே வேண்டாத காட்சி ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் நித்திரையை விழுங்கும். ஆதலால் முதலில் முப்பத்தாறு தாள்களில் பருவரையாய்க் கீறிச் சுவரிலே வரிசையாக ஒட்டினோம். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, அது அது நிற்க வேண்டிய நேரத்தைக் கணித்து ஓடவிட்டுப் பார்த்தோம். ஒலி ஒன்றே: துலாவின் கிறீச்சொலி.

ஓடவிட்டபோதுதான் மிகை புலப்பட்டது. கடிகாரம் போயிற்று, பறந்து செல்லும் கொக்கும் போயிற்று. தாயின் கன்னத்திலே ஒருவன் கண்ணீர் கீறியிருந்தான். செக்கோசிலோவாக்கியராகிய இஜி திரன்கா 1965 இல் ஆக்கிய "கை" என்னும் பாவைப்படத்தை அவனுக்குக் காட்டினேன். தன் பூஞ்செடிக்குச் சட்டி வனையும் ஓர் எளியவனைப் பெருங்கை ஒன்று தன் உருவைச் செய்யச்சொல்லி வருத்துகிறது. அப்பாவையின் முகம் எக்காலும் மாறுவதில்லை; ஆயினும் அதன் அச்சம் நமக்குத் தெரிகிறது. திரன்கா இறந்தபின் ஆட்சியாளர் அப்படத்தைத் தடைசெய்தனர். பேசாத படம் அவர்களுக்கும் விளங்கிவிட்டது போலும். பையன் கண்ணீரை அழித்துவிட்டான்.

நடுப்பகுதியில் ஒரு காட்சி உண்டு. நெடுங்காலம் அசையாதிருந்த துலாவின் நுனியில் ஒரு காகம் வந்து அமர்கிறது. துலா சற்றே தாழ்ந்து கிறீச்சிடுகிறது. அடுக்களையில் நிற்கும் தாய் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள்.

"காகத்தின் பாரத்துக்குத் துலா அசையுமா?" என்று நான் தடுத்தேன்.

"கீறின துலா அசையும், சேர்" என்றான் அப்பிள்ளை. கையிலே கீறும் படத்துக்கு வாய்த்த உரிமை அது, நான் அடங்கினேன்.

முடிவிலேதான் பிணக்கு. ஒல்லாந்துப் படத்தில் கிழவி, மணலிற் புதைந்த படகிலே படுத்து, எழுந்து, ஓட ஓட இளமையாகித் தந்தையைத் தழுவுகிறாள். அதுபோலத் தந்தை துலாவின்மேல் ஏறி நிற்பதாக முடிக்கலாமென்றேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "அது அந்தப் பிள்ளை கிழவியான பிறகு வந்த முடிவு, சேர். எங்கள் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதுதான்."

முப்பத்தாறாவது தாள் வெறுமையாகவே சுவரில் இருக்கிறது. விடுமுறை கழிந்து மறுபடி கூடுவோம்.