சேவைக் கட்டணத் தீர்ப்பும் பரிமாறுபவரின் கூலியும்

உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்னும் 2022ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதிசெய்தது. விரும்புவோர் டிப்ஸ் தரலாம் என்றது. நுகர்வோருக்கு இது நீதி. பரிமாறுபவருக்கு?

விருந்தினர் தரும் டிப்ஸ், நிர்வாகத்தின் வழியாகக் கைக்கு வந்தாலும், வருமான வரிச் சட்டப்படி சம்பளமாகாது என்று 2016இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை முதலாளியிடம் உரிமையாகக் கோர ஊழியருக்கு வழியில்லை என்பதே காரணம். அது வரி வழக்கு. ஆயினும் பரிமாறுபவரின் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறது.

பில்லையும் சோம்பையும் மேசையில் வைத்துவிட்டு நிற்பவரின் வருமானம் எதிரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே ஒருமையில் அழைக்கப்பட்டாலும் அவர் சிரிக்கிறார். பின்கட்டில் பாத்திரம் துலக்குபவரோ வாடிக்கையாளரின் கண்ணிலேயே படுவதில்லை. எச்சில் எடுக்கும் வேலை எந்தச் சமூகங்களின் மீது சுமத்தப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், டிப்ஸ் பெறுவோருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிறுத்தியுள்ளது. டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கும் அத்தகைய ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. எனினும் “டிப்ஸ்தான் கிடைக்கிறதே” என்னும் பதில் இங்கும் ஒலிக்கிறது.

டிப்ஸ் தருவதை நாம் எதிர்க்கவில்லை. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், ஊதியச் சீட்டு, வைப்பு நிதி ஆகியவை பரிமாறுபவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் முதலில் உறுதியாக வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் சமையற்கட்டுக்குள்ளும் வரவேண்டும்.