பழைய தண்டச்சீட்டு: தவறு யாருடையது, சுமை யாருக்கு?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில் விடத்தல்தீவையும் பள்ளமடுவையும் கடந்து செல்வோர் இலுப்பைக்கடவையை அடைவர். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து வைக்கப்பட்டதன் பின்னர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பயணம் இவ்வீதியினூடாகச் சுருங்கியது. போக்குவரத்துப் பெருகியது, வேகமும் கூடியது. எனவே போக்குவரத்துப் பொலிஸார் வீதியில் நிற்பதையோ, விதி மீறுவோருக்குத் தண்டம் விதிப்பதையோ எவரும் குறைகூற முடியாது. உயிர்களைக் காக்கும் பணி அது.

எமது கேள்வி வேறு. அந்தத் தண்டச்சீட்டே தவறாக எழுதப்பட்டிருந்தால் என்ன நடக்கும்? அதுவும் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கடந்தபின் ஒருவரின் கைக்கு வந்தால், தாம் குற்றமற்றவர் என்பதை அவர் யாரிடம், எவ்வாறு எடுத்துரைப்பது?

இன்றைய நடைமுறை நாம் அனைவரும் அறிந்ததே. சிறு குற்றங்களுக்கு வீதியிலேயே தண்டச்சீட்டு வழங்கப்படுகிறது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் எடுத்துக்கொண்டு, 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியைக் கொடுப்பர். தபாலகத்தில் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். 14 நாட்கள் தவறினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதிவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். பணம் செலுத்த மனமுள்ளவருக்கு இந்த ஏற்பாடு இலகுவானது. மறுத்துரைக்க விரும்புகிறவருக்கோ நீதிமன்றம் ஒன்றே வாசல்.

பழைய சீட்டுகளின் சிக்கல் இதனிலும் கடுமையானது. கொழும்பு நகரில் கண்காணிப்புக் கமராக்கள் மூலம் விதிமீறல்களைக் கண்டறிந்து தண்டம் விதிக்கும் நடைமுறை 2024 ஜனவரியில் ஆரம்பிக்கப்பட்டது. கமரா காண்பது இலக்கத்தகட்டையே. ஆகையால் அறிவித்தல் பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயருக்கே செல்கிறது. வாகனத்தை விற்றவர் அதனை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடாகும். ஆயினும் 'ஓப்பன் பேப்பர்' என்று வழங்கப்படும், கையொப்பமிட்ட பத்திரங்களை மட்டும் கைமாற்றி விற்கும் வழக்கம் நாடெங்கும் நிலவுகிறது. அதன் விளைவாக, என்றோ விற்ற வாகனத்தின் குற்றம் இன்று பழைய உரிமையாளரைத் தேடி வரக்கூடும்.

வன்னிப் பெருநிலப்பரப்பின் மக்களுக்கு இதில் மேலும் ஒரு வேதனை உண்டு. 2008 ஜூலையில் இலுப்பைக்கடவை இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து கொண்டிருந்தனர். மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் முள்ளிவாய்க்கால் வரை சென்று, 2009 மே மாதத்துடன் அங்கேயே கைவிடப்பட்டன. அவற்றுட் சிலவே உரியவர்களிடம் திரும்பின. எஞ்சியவை இரும்பாயினவோ, வேறெவரிடமாவது சென்றனவோ, உரிமையாளர் அறியார். ஏட்டில் மட்டும் அவை இன்னமும் அவர்களின் பெயரிலேயே இருக்கக்கூடும். பதிவுச் சான்றிதழைப் போரில் இழந்த ஒருவர், தம்மிடம் இல்லாத வாகனம் தம்முடையதன்று என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பார்?

இனிச் செலவைப் பார்ப்போம். ஆயிரம் ரூபா தண்டம் என்று வைத்துக்கொள்வோம். அதனை மறுப்பதற்கு ஒரு மீனவரோ கூலித் தொழிலாளியோ ஒரு நாள் உழைப்பை இழந்து, பஸ் பிடித்து நீதிமன்றம் செல்ல வேண்டும். குற்றத்தை ஏற்க மறுத்தால் மீண்டும் ஒரு தவணை, பின்னர் இன்னொன்று. சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டியது தனி. சீட்டை எழுதிய உத்தியோகத்தர் அதற்குள் இடமாற்றம் பெற்றுச் சென்றிருக்கவும் கூடும். குற்றம் கொழும்பில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்டால் பயணமும் அவ்வளவு தூரமே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும் 'கட்டித் தொலைப்போம்' என்றே முடிவெடுப்பர். கட்டிய பணம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஏட்டில் நிற்கிறது. குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதியே என்று அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை கூறுவது உண்மை. நடைமுறையில் அந்த உரிமையின் விலை தண்டப் பணத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது.

2025 இல் ஆரம்பிக்கப்பட்ட 'கவ்பே' இணையவழி முறையினூடாக வீதித் தண்டத்தை இருந்த இடத்திலேயே கைத்தொலைபேசி மூலம் செலுத்தும் வசதி கட்டங்கட்டமாக விரிவாக்கப்பட்டது. தபாலகத்துக்கு அலைவதையும் கையூட்டுக்கான வாய்ப்பையும் அது குறைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. ஆனால் செலுத்துவதற்கு ஒரு நொடியும் மறுப்பதற்குப் பல மாதங்களும் என்ற ஏற்றத்தாழ்வு இதனால் இன்னும் விரிவடைகிறது.

பிற நாடுகளில் அரசுக்கும் காலக்கெடு உண்டு. இங்கிலாந்தில் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேகக் கட்டுப்பாட்டை மீறுதல் போன்ற குற்றங்களுக்குச் சாரதி வீதியில் வைத்தே எச்சரிக்கப்படாவிடின், வழக்குத் தொடரும் எண்ணத்தைப் பொலிஸார் 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். இந்தியாவில் 2021 இல் கொண்டுவரப்பட்ட விதி, கமரா மூலம் கண்டறியப்பட்ட குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவித்தல் அனுப்பவும், விடயம் முடிவுறும் வரை மின்னணுப் பதிவைப் பேணவும் பணித்தது. இங்கோ, வேறு விசேட ஏற்பாடு இல்லாதவிடத்து, குற்றவியல் வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டுகளின் பின்னரே அற்றுப்போகும் என்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி. பிரஜைக்கு 14 நாட்கள், அரசுக்கு 20 ஆண்டுகள் என்பது நீதியின் தராசாக இருக்க முடியாது.

மொழியும் இவ்விடயத்துக்குப் புறம்பானதன்று. வடக்கு, கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. தம்மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்னவென்பதையே வாசித்தறிய முடியாதவர் அதனை மறுப்பது எங்ஙனம்? தண்டச்சீட்டின் அச்சிட்ட பகுதி மட்டுமன்றி, அதில் உத்தியோகத்தர் கையால் எழுதும் பகுதியும் இங்குள்ளவர்களுக்குத் தமிழிலேயே கிடைத்தாக வேண்டும்.

தவறான சீட்டைப் பெற்றவர்கள் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடலாகாது. அறிவித்தலை அலட்சியம் செய்துவிடவும் கூடாது. குறித்த நாளில், குறித்த நேரத்தில் தாம் எங்கிருந்தார் என்பதற்கான ஆவணங்களை முதலில் திரட்டிக்கொள்ள வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சீட்டுக்கு ஆதாரமான பதிவையும் படத்தையும் பொலிஸாரிடம் எழுத்தில் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். உத்தியோகத்தரின் நடத்தை பற்றியதாயின் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். நீதிமன்றத் தவணை குறிக்கப்பட்டிருந்தால் அதனைத் தவறவிடுவது பெருந்தவறு. வராதவருக்குப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டால், தவறான சீட்டொன்று உண்மையான சிக்கலாக மாறிவிடும்.

எனினும் தனிமனிதரின் விழிப்பு மட்டும் இதற்குப் பரிகாரமாகாது. வெளிப்படையான தவறுகளை, அதாவது தவறான இலக்கம், விற்கப்பட்ட வாகனம், ஏற்கெனவே செலுத்தப்பட்ட தண்டம் ஆகியவற்றை, நீதிமன்றம் செல்லாமலே ஆராய்ந்து சீட்டை இரத்துச் செய்யும் அதிகாரம் பிரதேசத்துக்குப் பொறுப்பான உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு வழங்கப்பட வேண்டும். எழுத்துமூல ஆட்சேபம் கிடைத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை தண்டம் இரட்டிப்பாகாமலும், தற்காலிக அனுமதி காலாவதியாகாமலும் இருத்தல் அவசியம். கமரா அறிவித்தலுக்குச் சட்டத்திலேயே காலக்கெடு விதிக்கப்பட வேண்டும். போரில் இழந்த வாகனங்களின் பதிவை இலவசமாக நீக்கிக்கொள்ள, பிரதேச செயலகங்கள் தோறும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நடமாடும் சேவை நடத்த வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. சீட்டை எழுதியவர் தவறியிருக்கலாம் என்பதை ஏற்கும் மனப்பாங்கே இங்கு தேவைப்படுகிறது. விதி மீறியவர் தண்டம் செலுத்தட்டும்; மீறாதவர் அதிலிருந்து விடுபடும் வழியும் அவ்வளவு இலகுவாக அமையட்டும். அப்போதுதான் வீதியில் கை காட்டி நிறுத்தும் உத்தியோகத்தர் மீது மக்களுக்குள்ள அச்சம் மதிப்பாக மாறும்.