டீசல் விலையும் மோட்டார் ஹோம் ஆசையும் - ஒரு பி.காம். கணக்கு

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கிளையின் மூத்த அதிகாரி ஒருவர் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு போனை நீட்டினார். "அண்ணா, இதைப் பாருங்க!" (இந்த நாக்பூரில் தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் 'அண்ணா'தான். என்னை விடப் பதினைந்து வயது பெரியவர்களுக்கும் நான் அண்ணா!)

போனில் ஒரு மோட்டார் ஹோம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம். நம்ம ஊரில் கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அதேதான், இது ஊர் சுற்றுவதற்கு. மனிதர் அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறார். கிராஜுவிட்டி, லீவ் என்கேஷ்மெண்ட் எல்லாம் சேர்த்து வரும் பணத்தில் 30 லட்சத்தை எடுத்து இதை வாங்கி, வீட்டம்மாவோடு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகப் போகிறாராம். வழியும் வாசலிலேயே இருக்கிறது. ஸ்ரீநகர் - கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 நாக்பூர் வழியாகத்தான் போகிறது.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "டீசல் விற்கிற விலையில் இதெல்லாம் தேவையா சாஹேப்?" என்றார்கள். அவரும் முகம் வாடி, "டீசல் இறங்கினால் யோசிக்கலாம்" என்றார்.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்குத் தோன்றியது இதுதான்: எல்லாரும் தப்பான எதிரியைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

பி.காம். முதல் வருடத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் சொன்ன நிலைச் செலவு, மாறும் செலவு ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். இவை என் அனுமானங்கள். உங்கள் கணக்குக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி 30 லட்சம். அந்தப் பணத்தை 7 சதவீதத்தில் டெபாசிட்டில் போட்டிருந்தால் வருடத்துக்கு 2.10 லட்சம் வட்டி. அது போச்சு.
தேய்மானம் 10 சதவீதம், 3 லட்சம்.
இன்சூரன்ஸ், நிறுத்த இடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 1 லட்சம்.
ஆக, வண்டி வீட்டு வாசலை விட்டு நகராமலே வருடத்துக்கு 6.10 லட்சம்!

இப்போது டீசல். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 1,250 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 1,12,500 ரூபாய். டீசல் 110 ரூபாய்க்கு ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செலவு 1,37,500. கூடுதல் வெறும் 25,000 ரூபாய். ஏழு லட்சத்துச் சொச்சம் செலவாகும் இடத்தில் இது மூன்றரை சதவீதம் கூட இல்லை.

ஆனால் மனித மனம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். வட்டியும் தேய்மானமும் கண்ணுக்குத் தெரியாது. பங்கில் மீட்டர் ஓடுவது மட்டும் தெரியும். டீசல் ஏறியதும் பயணத்தைப் பாதியாகக் குறைக்கிறோம். 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், 110 ரூபாய் டீசலில் மொத்தச் செலவு 6,78,750. கிலோமீட்டருக்கு 136 ரூபாய் வருகிறது. பத்தாயிரம் ஓட்டியிருந்தால் அதே டீசல் விலையில் கிலோமீட்டருக்கு 75 ரூபாய்தான்! டீசலில் மிச்சம் பிடித்தது 68,750 ரூபாய். அதற்காக விட்டுக்கொடுத்தது, வண்டி எதற்காக வாங்கினோமோ அதில் பாதி.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. என் மச்சான் (வீட்டுக்காரியின் அண்ணன்) டல்லாஸ் பக்கம் இருக்கிறார். 2021-ல் கொரோனா அடங்கியும் அடங்காத நேரம். விமானம் ஏறப் பயந்து அமெரிக்காவே மோட்டார் ஹோம் வாங்கியது. இவரும் 1,10,000 டாலரில் பெட்ரோலில் ஓடுகிற பெரிய வண்டி ஒன்றை வாங்கினார். பத்து சதவீதம் கையிலிருந்து, மீதி 15 வருடக் கடன். மாதத் தவணை 835 டாலர்.

2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை கேலன் 5 டாலரைத் தாண்டியது. மச்சான் எல்லோஸ்டோன் போக வைத்திருந்த திட்டத்தை ரத்து செய்தார். போக வர 2,600 மைல், கேலனுக்கு 8 மைல் (நம்ம கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கூட வராது). 3 டாலர் விலையில் 975 டாலர் ஆகியிருக்கும் பயணம் 1,625 டாலர் ஆகும் என்று பயந்தார். அந்த 650 டாலரை மிச்சம் பிடிக்க, மாதம் 835 டாலர் கட்டிக்கொண்டே வண்டியை வாடகை யார்டில் நிறுத்தி வைத்தார். "மாப்ளே, கேலன் அஞ்சு டாலர் கொடுத்து எவன் போவான்?" என்று போனில் என்னிடமே பெருமையாகச் சொன்னார் :-)

அடுத்த வருடம் பெட்ரோல் இறங்கியது. மச்சான் வண்டியை எடுக்கவில்லை, விற்கப் போனார். கடன் பாக்கி 90,000. டீலர் கேட்டது 70,000. கையிலிருந்து 20,000 போட்டால்தான் கடனே தீரும்! வண்டி இன்னும் யார்டில்தான் நிற்கிறது.

பெட்ரோல் இறங்கிய பிறகும் ஏன் இப்படி? அந்தத் தொழிலின் சரித்திரத்தைப் பார்த்தால் புரியும். கீழே உள்ள எண்கள் அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்து டீலர்களுக்குப் போன வண்டிகள். காரில் கட்டி இழுத்துப் போகும் டிரெய்லர்களும் இதில் சேர்த்தி.

2006-ல் சுமார் 3,90,000. 2008 ஜூனில் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியது. வருடக் கடைசியில் 2 டாலருக்கும் கீழே விழுந்துவிட்டது. விற்பனை திரும்பி வரவேண்டும் அல்லவா? 2009-ல் சுமார் 1,65,000-தான் போனது. பிளீட்வுட், மோனகோ என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. இந்த வண்டிகளுக்குத் தலைநகர் மாதிரி இருக்கும் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் ஊரில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. பெட்ரோல் மலிவாக இருந்தபோதே இந்தக் கதி. காரணம், வண்டிக்கும் டீலருக்கும் கடன் கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது முறை: 2021-ல் 6,00,000 என்று சாதனை. பெட்ரோல் 5 டாலர் ஆன 2022-ல் சுமார் 4,93,000. பெட்ரோல் மூன்றரை டாலருக்கு இறங்கிய 2023-ல் 3,13,000! அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதத்துக்கு மேல் ஏற்றியதை இதோடு வைத்துப் பாருங்கள்.

எரிபொருள் விலை நாம் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. வண்டியை வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது வட்டியும் மறுவிற்பனை விலையும்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வரும்போது அந்த விலை படுத்துவிடுகிறது.

"அப்போ டீசல் விலை ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழும் அமெரிக்கப் பெரியவர்கள் உண்டு. மாதப் பென்ஷனில் ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு டாலரும் வலிக்கும். அவர்கள் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்தது. குளிர்காலம் வந்தால் அரிசோனா பாலைவனத்துக்கு ஒரே ஓட்டமாக ஓட்டிப் போய், மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். கிலோமீட்டரைக் குறைக்கிறார்கள், நாளைக் குறைப்பதில்லை. வண்டியே வீடு என்றால் அது நிற்கும்போதும் பயன்தானே!

நம்ம நாட்டுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். வேனை வாங்கி தெருமுனை வெல்டிங் பட்டறையில் கட்டில் அடித்துக்கொள்ள முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. ஒழுங்காகக் கட்டிய வண்டிக்கு விலை அதிகம். விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டும். அதாவது, என் கணக்கில் போட்ட 10 சதவீதத் தேய்மானமே தாராளமான மதிப்பீடு.

மறுநாள் சாஹேப்பிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, கடன் வாங்கி வாங்காதீர்கள். இரண்டு, வருடத்தில் நூறு நாளாவது அதில் தங்குவீர்களா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள், டீசல் விலையைக் கேட்காதீர்கள். மூன்று, முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அங்கே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள். வாடகை வண்டியில் தேய்மானம் அடுத்தவன் தலையில்.

வாங்கிவிட்டால் மட்டும், தயவுசெய்து டீசலைப் பார்த்து வண்டியை நிறுத்தாதீர்கள். போட்ட பணம் போட்டதுதான். வண்டி நின்றாலும் அதன் வட்டி திரும்பி வராது. அடுத்த பயணத்துக்கு உண்மையான செலவு டீசலும் சுங்கமும் மட்டும்தான். அதைக் கூடக் கொடுக்க மனமில்லை என்றால் அன்றைக்கே விற்றுவிடுவது நல்லது.

மனிதர் தாளை இரண்டு முறை படித்தார். "முப்பத்தைந்து வருஷம் மற்றவங்களுக்கு லோன் அப்ரைசல் பண்ணினேன், எனக்குப் பண்ணிக்கவே இல்லை அண்ணா" என்றார். இப்போதைக்கு வாங்கவில்லை. டிசம்பரில் கேரளா, வாடகை வண்டி. லீவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பி வைத்தேன்.

பி.கு: மச்சான் இதைப் படிப்பார் என்று தெரியும். மச்சான், இந்தக் கோடையில் எல்லோஸ்டோன் போயிட்டு வாங்க. பெட்ரோல் என்ன விலை என்று மட்டும் பார்க்காதீங்க!