காலி ஸ்லாட்டுக்கும் மூடி வேண்டும்

கேபினெட்டின் காலி ஸ்லாட் தகடுகளைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் நன்றாகக் குளிரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அதை மாற்றியது ஒரு பி.எக்ஸ்.ஐ. சேசிஸ்.

1997-ல் அறிமுகமான பி.எக்ஸ்.ஐ. முறையில், அளவிடும் கருவிகளை மாட்யூல்களாக ஒரே பெட்டியில் செருகிக் கொள்ளலாம். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், அந்தப் பெட்டியின் காலி ஸ்லாட் மூடிகளைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டவன் நான்தான். சில நாட்களில் ஒரு மாட்யூல் சூடேறி, மாறாத வோல்டேஜையே மாற்றி மாற்றிக் காட்டியது. மூடிகளை மாட்டியதும் சரியானது.

காரணம் எளிது. காற்று தடையில்லாத வழியில்தான் ஓடும். காலி ஸ்லாட் திறந்திருந்தால், ஃபேன் தள்ளும் காற்று மாட்யூல்களுக்குப் போகாமல் அதன் வழியே வெளியேறிவிடும்.

மாட்யூலைச் செருகும் முன் சேசிஸை ஆஃப் செய்யுங்கள். பவர் கார்டை மட்டும் பிடுங்காதீர்கள். எர்த் இணைப்பு அதில்தான் வருகிறது. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். செருகியபின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஃபில்டரில் தூசி சேர விடாதீர்கள்.

கருவி நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். சூட்டில் தவறான அளவைக் காட்டிக்கொண்டே ஓடினால்? அதுதான் ஆபத்து என்பேன். உங்கள் வீட்டு கேபினெட்டின் தகடுகளையும் இன்றே தேடி மாட்டுங்கள்.