குடல் அழற்சியும் ஒற்றைக் கிருமி நம்பிக்கையும்

ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் வாழும் தமிழரிடையே, இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலும் அதைக் கிருமியின் வேலை என்று முடிவுகட்டி, ஒரு கிளினிக்கில் வாங்கிய ஆண்டிபயாடிக் பலிக்காதபோது அடுத்த கிளினிக்கில் வேறொன்றைக் கேட்டு வாங்கும் போக்கு எளிதில் விடுபடுவதாக இல்லை. பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் பெருங்குடல் புண் அழற்சியையும், வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் தாக்கக்கூடிய கிரோன் நோயையும் கெட்டுப்போன உணவால் வரும் பேதியோடு ஒன்றாக எண்ணுவதே இதன் அடிப்படைப் பிழை. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, இவ்விரண்டும் அடங்கிய குடல் அழற்சி நோய் ஒரு லட்சம் இந்தியரில் ஏறத்தாழ 25 பேருக்கும், மலாய்க்காரரிலும் சீனரிலும் ஏறத்தாழ 7 பேருக்கும் இருப்பதாகக் காட்டியதால், இப்பிழைக்கு இந்தச் சமூகம் தரும் விலையும் கூடுதலாகும்.

இந்த நம்பிக்கைக்கு மதிப்பான மருத்துவ வம்சாவளியும் உண்டு. காசநோய்க் கிருமியின் உறவினமான ஒரு பாக்டீரியா மாடுகளின் குடலைத் தடிக்கச் செய்யும் யோனே நோய் 1895இல் விவரிக்கப்பட்டது. கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டால்சியல் 1913இல் அதை மனிதக் குடல் அழற்சியோடு ஒப்பிட்டார். 1984இல் அதே பாக்டீரியா கிரோன் நோயாளிகளின் திசுவிலிருந்தும் வளர்த்தெடுக்கப்பட்டது. இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டியவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்ததும் குடலிலும் அத்தகைய ஒற்றைக் குற்றவாளி சிக்குவான் என்ற ஆசை வலுத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 213 கிரோன் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான சோதனை அந்த ஆசைக்கு இடம்தரவில்லை. அக்கிருமிக்கு எதிரான மூன்று மருந்துகளை இரண்டாண்டு வரை உண்டவர்களில் 16ஆம் வாரத்தில் 66 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை உண்டவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்திருந்தது. இரு தரப்பினரும் அப்போது ஸ்டீராய்டும் உண்டுவந்தனர். பின்னர் வந்த ஆண்டுகளில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. மருந்தின் அளவு போதவில்லை என்று வாதிடுவோர் உள்ளனர். மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.

இதனால் பாக்டீரியாக்கள் நிரபராதிகள் ஆகிவிடவில்லை. அறுவைக்குப் பின் மலம் செல்லும் வழியைத் திருப்பிவிட்டால் கீழ்க்குடலில் கிரோன் நோய் அடங்கியிருப்பதையும், வழியை மீண்டும் இணைத்ததும் அது திரும்புவதையும் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1991இல் காட்டினர். எனினும் இது தொற்று அன்று. குடலில் இயல்பாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களையே பகையெனக் கருதி நோயெதிர்ப்பு மண்டலம் தொடுக்கும் ஓயாத போர் என்பதே இன்றைய விளக்கம். அத்தகைய நோய்க்கு மாத்திரைமேல் மாத்திரையாக ஆண்டிபயாடிக் தருவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழித்து, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமிக்கு இடம்கொடுத்து, அழற்சியை மேலும் மூட்டக்கூடும்.

மெய்யான தொற்று ஒளிந்திருக்கும் இடம் குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் கிரோன் நோயைப் போலவே தோன்றும் இதற்குக் கிரோன் என்று ஸ்டீராய்டு தந்தால் காசநோய் பரவும். கிரோனுக்குக் காசநோய் மருந்து தந்தால் மாதங்கள் வீணாகும். திசுவை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரித்தறியும் வழிகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அதன் பிறகும் ஐயம் நீங்காதவர்களுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கி, சில மாதங்களில் பெருங்குடலை உள்நோக்கிப் பார்த்துப் புண் ஆறாவிட்டால் சிகிச்சையை மாற்றுவது மருத்துவர்களின் வழக்கம். கிருமிதான் காரணம் என்ற பிடிவாதத்தில் அந்த மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுபவரின் குடல் அதற்குள் தழும்பேறிக் குறுகி, கத்தி வைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.