தனுஷ்கோடியில் நாம் விருந்தினர்

இராமேசுவரம் தீவின் கோடியிலுள்ள தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். பயணிகளோடு ஒரு ரயிலையே அன்று அலைகள் விழுங்கின. சுற்றுலா செல்லும் நாமோ, அங்கே இடிந்து நிற்கும் கிறிஸ்தவ ஆலயத்தின் சுவர்மேல் ஏறிச் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறோம். நம் பங்கு ஆலயத்தில் அப்படிச் செய்வோமா? கூரை போய்விட்டால் ஆலயம் ஆலயமாகாதா?

மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் வாழ்கின்றன. மணலில் தோண்டிய ஊற்றுநீரைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள். அதில் நாம் கால் கழுவலாமா? வெயிலில் காயும் மீனை மிதிக்கலாமா? கேளாமல் குடிசைக்குள் எட்டிப் பார்க்கலாமா? நமக்கு அது காட்சி, அவர்களுக்கோ வீடு.

தோழியரே, அடுத்த முறை செல்லும்போது சுவரில் ஏறாமல், மரித்தோருக்காக ஓர் 'அருள்நிறை மரியே' சொல்லி வருவோம்.