ரவுண்ட் ஆஃப் ஆகும் விரல்கள்

தமிழில் 'மிடி' என்றால் வறுமை. இசை மென்பொருட்களில் வரும் மிடியும் ஒரு வகையில் பரம ஏழைதான். அதற்குள் ஒலி என்று எதுவுமே கிடையாது! எந்தக் கட்டையை அமுக்கினார்கள், எப்போது அமுக்கினார்கள், எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள், எப்போது விட்டார்கள்... அதன் மொத்தச் சொத்தும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒலி கொடுப்பதெல்லாம் கீபோர்டின் வேலை, அல்லது மென்பொருளின் வேலை.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் கீபோர்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் கீபோர்டையும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு ஒரே மொழி பேச ஒப்புக்கொண்டது வியாபார உலகத்தில் அபூர்வம். அந்த மொழிதான் மிடி. அதற்காக டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ காகெஹாஷிக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

இந்த ஏழையிடம் ஒரு பெரிய வசதி உண்டு. ஒலியாகப் பதிவு செய்துவிட்டால், தப்பாக விழுந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடுங்கி எடுப்பது பெரும்பாடு. மிடியில் அது வெறும் ஒரு கட்டம். மவுஸால் இழுத்து நகர்த்தலாம், நீட்டலாம், குறுக்கலாம், அழிக்கலாம். இந்தக் கட்டங்கள் தெரியும் திரைக்கு பியானோ ரோல் என்று பெயர். தானாக வாசிக்கும் பழைய பியானோக்களில் ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஒன்று ஓடும். அதிலிருந்து வந்த பெயர். எஃப்.எல். ஸ்டூடியோ, க்யூபேஸ், ஏபிள்டன் லைவ், லாஜிக் என்று எதைத் திறந்தாலும் இப்படி ஒரு திரை உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சிக்கல் தொடங்குவது இந்தத் திரையில் இருக்கும் குவாண்டைஸ் என்ற வசதியில். கொஞ்சம் முன்னே பின்னே விழுந்த ஸ்வரங்களையெல்லாம் ஒரே நொடியில் பக்கத்துக் கோட்டில் கொண்டுபோய் ஒட்டவைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். ஒரு தட்டை நாலாகப் பிரித்துக் கோடு போட்டால், கோட்டுக்குக் கோடு 125 மில்லிசெகண்ட். அப்படியானால் ஒரு ஸ்வரம் அதிகபட்சம் 62.5 மில்லிசெகண்ட் வரை நகர்த்தப்படும். அதற்கு மேலும் தாமதமாக விழுந்திருந்தால்? அடுத்த கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். திருத்தப் போய் புதுசாக ஒரு தப்பு!

ஒரு விடுதி அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பாட்டு தயாராகிறது. ஒருவர் கீபோர்டு வாசிக்கிறார். நண்பர் கணினி முன்னால். வாசித்து முடித்ததும், ஒரு தடவைகூட திருப்பிப் போட்டுக் கேட்காமல், எல்லாவற்றையும் தேர்வு செய்து குவாண்டைஸ். திரையில் பார்த்தால் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி அழகாக இருக்கிறது. கேட்டால் பழைய செல்போன் ரிங்டோன். வாசித்தவர் என்ன நினைத்துக்கொள்வார்? "நம்ம கை சரியில்லை போல, அதான் மெஷின் சரி பண்ண வேண்டியிருக்கு." வருத்தமே இங்கேதான். பல சமயம் கை சரியாகத்தான் இருந்திருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

மிடியைத் திருத்துவதே ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. எழுதியதை அடித்துத் திருத்துவது எழுத்தாளருக்கு இழுக்கா என்ன? தப்பு, திருத்துவதில் இல்லை. எது தப்பு என்று முடிவு செய்யும் வேலையைக் கோடுகளிடம் விட்டுவிடுவதில் இருக்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1,249 ரூபாய் 60 பைசா பில்லை 1,250 ஆக்குகிறார்கள். ஆனால் அந்த 40 பைசாவை ரவுண்ட் ஆஃப் என்று தனி வரியில் காட்டிவிடுவார்கள். கணக்கில் வித்தியாசம் தொலைந்துபோகக் கூடாது என்பதற்காக. பாட்டில் அந்த 40 பைசாவுக்கு யார் வரி எழுதுகிறார்கள்? இத்தனைக்கும் வாசித்தவரின் அடையாளம் அந்தச் சில்லறையில்தான் இருக்கிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. 1980-ல் ரோஜர் லின் எல்.எம்.-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். அதில் தாளத்தைக் கோட்டில் நிறுத்தும் வசதியை வைத்தவர், கூடவே ஸ்விங் என்ற இன்னொன்றையும் வைத்தார். இரண்டாவது, நான்காவது என்று இரட்டை எண்ணில் வரும் அடிகளைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் வசதி அது. அதாவது, நேர்கோடு மட்டும் போதாது என்று குவாண்டைஸைக் கொடுத்த மனிதருக்கே தெரிந்திருந்தது!

பிறகு டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா. லின்னின் வடிவமைப்பில் வந்த அகாய் எம்.பி.சி. 3000-தான் அவரது கருவி. அதன் நேரத் திருத்தத்தை அணைத்துவிட்டு, விரலால் தட்டியதைத் தட்டியபடியே விட்டுவைப்பதில் பேர் போனவர். சில அடிகள் நேராக, சில ஸ்விங்கில், சில எங்கேயும் ஒட்டாமல். 2006-ல், 32 வயதில் இறந்துவிட்டார். அவர் பாணியின் தாக்கத்தில், 2000-ல் வந்த டி'ஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் குவெஸ்ட்லவ் வேண்டுமென்றே தள்ளாடுவது போல டிரம்ஸ் வாசித்தார். மெஷினில் ஒரு மனிதன் விட்டுவைத்த 'பிழை'யை, அசல் டிரம்ஸில் இன்னொரு மனிதன் பாடமாகப் படிக்கிறான்! டில்லாவின் அந்த எம்.பி.சி. இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

"ஹியூமனைஸ் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதை அமுக்கினால் மனிதத்தனம் வந்துவிடாதா?" என்று கேட்கலாம். வராது. அது பெரும்பாலும் செய்வது குலுக்கல். ஸ்வரங்களைக் குருட்டாம்போக்கில் முன்னும் பின்னும் தள்ளிவிடும். மனிதர்கள் குருட்டாம்போக்கில் தவறுவதில்லை. ஒரு டிரம்மர் ஸ்னேரைக் கொஞ்சம் தாமதமாக அடிப்பவர் என்றால், பாட்டு முழுக்க அப்படித்தான் அடிப்பார். அது பழக்கம், நடை மாதிரி. கையெழுத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கிறுக்கி வைத்தால் கையெழுத்து ஆகிவிடுமா?

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். டெக்னோ மாதிரி இசைகளுக்கு அந்த இரும்புக் கோடுதான் அழகு. அங்கே நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்வது சோம்பேறித்தனம் இல்லை, ரசனை. நிஜமாகவே தடுமாறி வாசித்ததை அப்படியே விட்டுவிட்டு "இதுதான் ஃபீல்" என்று சமாளிப்பதும் சரியல்ல. டில்லாவின் பெயரைச் சொல்லி எல்லாத் தடுமாற்றத்துக்கும் மன்னிப்பு வாங்க முடியாது!

அப்படியென்றால் என்னதான் செய்வது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் வாசித்ததை வேறு பெயரில் ஒரு நகல் சேமித்து வையுங்கள். ரவுண்ட் ஆஃப் வரி எழுதுவது மாதிரி. பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். பார்த்தால் கண்ணுக்கு எல்லாமே கோணலாகத்தான் தெரியும். காதில் உறுத்தும் ஸ்வரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். மொத்தமாகத் திருத்தியே ஆகவேண்டும் என்றால் குவாண்டைஸின் அளவை 50 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். 20 மில்லிசெகண்ட் தாமதம் 10 ஆகும். ஒழுங்கும் வரும், ஆளும் இருப்பார். அமுக்கிய வேகத்தைக் காட்டும் 1 முதல் 127 வரையிலான எண்ணிலும் இதே கதைதான். எல்லா ஸ்வரத்துக்கும் 100 போட்டுவிட்டு, பாட்டில் உயிர் இல்லையே என்று புலம்பிப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்துவதற்கு முன்னால் வாசித்தவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்கலாம்: "இதை வேணும்னே லேட்டா வாசிச்சியா?" ஆமாம் என்று சொன்னால், மவுஸிலிருந்து கையை எடுத்துவிடலாம்.